மலையைச் சுமக்கும் உடல்: அட்லஸ் மக்களின் வரிசையாடலும் தற்காலத் தனியாடலும்

மலைகள் மனித வரலாற்றில் இருவகைப் பணிகளைச் செய்துவந்துள்ளன. படையெடுத்து வந்தோருக்கு அவை தடையாயின. ஒதுங்கி வாழ விரும்பியோருக்கு அரணாயின. வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலைத்தொடர் இவ்விரு பணிகளையும் நெடுங்காலமாகச் செய்துவந்தது. மொராக்கோவின் அட்லாண்டிக் கரையருகே தொடங்கி, அல்ஜீரியாவைக் கடந்து, துனிசியா வரை ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் நீளத்திற்கு அது பரந்து கிடக்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமாகிய துப்கால் 4,167 மீட்டர் உயரமுடையது. கிரேக்கர் இம்மலைக்கு, வானத்தைத் தோளில் சுமக்குமாறு தண்டிக்கப்பட்ட அட்லஸ் என்னும் பேருருவனின் பெயரை இட்டனர். அங்கு வாழும் மக்களோ தம் மொழியில் மலையை 'அத்ரார்' என்று எளிமையாக அழைக்கின்றனர்.

அம்மக்கள் தம்மை 'இமாஸிகன்' என்பர். அதன் ஒருமை 'அமாஸிக்'. 'சுதந்திர மனிதர்' என அச்சொல்லுக்குப் பொருள் கூறுவது வழக்கம். உலகம் அறிந்த 'பெர்பர்' என்னும் பெயர் பிறர் இட்டது. கிரேக்க, இலத்தீன் மொழிகளில் அயலவரைக் குறித்த சொல்லோடு தொடர்புடையது. பெயரைப் போலவே இம்மக்களின் வரலாற்றையும் பெரும்பாலும் பிறரே எழுதினர். உரோமானியர் எழுதினர், அரேபியர் எழுதினர், பின்னர் பிரெஞ்சுக்காரர் எழுதினர். இம்மக்கள் தம்மைப் பற்றித் தாமே பதித்து வைத்தவை ஏடுகளில் இருப்பதைவிடப் பாட்டிலும் நெசவிலும் பச்சை குத்திய கோலங்களிலும் ஆடலிலுமே மிகுதி.

அவ்வாடல் கூடி ஆடும் ஆடல். தனியொருவர் மேடையேறி ஆடுவதை அது அறியாது. எனினும் கடந்த இருபது ஆண்டுகளில், அம்மலையையும் அம்மரபையும் பொருளாகக் கொண்ட தனியாடல்கள் மராகேஷிலும் பிரசெல்ஸிலும் தோன்றியுள்ளன. கூட்டத்தையே இலக்கணமாகக் கொண்ட ஓர் ஆடல் மரபிலிருந்து தனித்து ஆடும் கலை எவ்வாறு பிறந்தது? அது மரபின் தொடர்ச்சியா, முறிவா? இவ்வினாவுக்கு விடை காண, மலையின் ஆடுகளத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

அசாயிஸ்: ஊர் கூடும் களம்

மொராக்கோவின் உயர் அட்லஸ், எதிர் அட்லஸ் பகுதிகளில் ஊருக்கு நடுவே திறந்த வெளி ஒன்று இருக்கும். அதற்கு 'அசாயிஸ்' என்று பெயர். திருமணம், அறுவடை, பெரியோர் நினைவு விழா ஆகிய நாள்களில் இரவுப்பொழுதில் அங்கே ஊர் கூடும். தீ மூட்டப்படும். வளையத்தில் ஆட்டுத்தோல் போர்த்திய 'பெந்திர்' என்னும் கைப்பறைகளை, தோல் இறுகும் பொருட்டு, தீயருகே காய்ச்சுவர். பின்னர் 'அஹ்வாஷ்' தொடங்கும்.

அஹ்வாஷின் அமைப்பு பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறுபடும். சில இடங்களில் ஆண்கள் பறை கொட்டப் பெண்கள் அரைவட்டமாக நின்று ஆடுவர். சில இடங்களில் ஆண்களும் பெண்களும் எதிரெதிர் வரிசைகளாக நிற்பர். முதலில் பாடல் எழும். அது மெல்ல நடந்து, பறையின் உறுதியைப் பெற்று, விரைந்து, இறுதியில் பறையொலியும் அடிவைப்பும் மட்டுமே எஞ்சும் நிலையை எட்டும். நடு அட்லஸில் வழங்கும் 'அஹிதூஸ்' இதன் உடன்பிறப்பு எனத்தக்கது. அங்கே ஆணும் பெண்ணும் மாறிமாறித் தோளோடு தோள் சேர்ந்து நிற்பர். ஐந்து எண்ணிக்கை கொண்ட தாளம் அங்கே பெரிதும் வழங்கும். வரிசை முழுவதும் ஒரே உடல்போல் அசையும். ஒருவரது தோளில் எழும் அதிர்வு அடுத்தவரது தோளுக்குச் செல்லும். காற்றில் அலையும் கதிர்போல் அது வரிசையின் முனைவரை பரவும்.

இவ்வாடலில் பார்வையாளர் என்றொரு தனி இனம் இல்லை. இன்று பறையைப் பார்த்து நிற்கும் சிறுவன் நாளை வரிசையில் நிற்பான். வரிசையில் இடம் பெறுவது ஊரில் இடம் பெறுவதாகும். பிரெஞ்சு ஆய்வாளர் பெர்னார் லோர்தா-ஜகோப் உயர் அட்லஸின் இசையைப் பற்றி 1980இல் வெளியிட்ட நூல், தலைப்பிலேயே இசையையும் விழாவையும் இணைத்துக் கூறியது. விழாவைப் பிரித்துவிட்டு இசையை மட்டும் ஆராய்தல் அங்கே இயலாத செயல்.

வரிசையிலிருந்து ஒருவர்

எனினும், கூட்டாடலுக்குள் தனியொருவருக்கு இடமே இல்லை எனக் கூறிவிட முடியாது. அஹ்வாஷின் இடையே பறை ஓய்ந்ததும் கவிஞர் ஒருவர் தனிக்குரலில் அப்போதே கட்டிய அடிகளைப் பாடுவார். எதிர்நிற்கும் கவிஞர் அதே சந்தத்தில் விடை கூறுவார். காதல், வறட்சி, ஊர்ப்பூசல், அரசியல் யாவும் அங்கே பொருளாகும். அத்தனிக் குரல் பாடிய அடியை வரிசை வாங்கித் திரும்பப் பாடும்போதுதான் அது நிலைபெறும். வரிசை வாங்காத அடி காற்றோடு போகும்.

அஹிதூஸில் தலைவருக்கும் அத்தகைய இடம் உண்டு. நடு அட்லஸின் மோஹா உல்ஹுஸைன் அஷீபான் இதற்குச் சிறந்த சான்று. வெண்ணிற மேலாடையைச் சிறகுபோல் விரித்து, கைப்பறையை உயர்த்தி, ஒரு தோளசைவாலேயே முழு வரிசையையும் இயக்கிய அவரை மக்கள் 'மாயெஸ்த்ரோ' எனப் போற்றினர். முதுமையிலும் குழுவை நடத்திய அவர் 2016ஆம் ஆண்டில் மறைந்தார். தனித்து அசைந்த உடல்தான் அவருடையது. ஆயினும் எதிரே வரிசை நில்லாவிடில் அவ்வசைவுக்குப் பொருள் இல்லை.

மூன்றாவதாக, சூஸ் பகுதியின் 'ர்வாயிஸ்' என்னும் நாடோடிப் பாடகர்களைக் குறிப்பிட வேண்டும். ஒற்றை நரம்புடைய 'ர்ரிபாப்' இசைக்கருவியுடன் ஊர் ஊராகச் சென்று பாடிப் பொருள் ஈட்டியவர்கள் இவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்ற அல்ஹாஜ் பெலாய்த் இசைத்தட்டு வழியாகவும் பரவினார். ஊரைவிட்டு வெளியேறிய கலை, ஊரை நினைவில் சுமந்து செல்லும் என்பதை முதலில் காட்டியவர்கள் ர்வாயிஸ் மரபினரே எனலாம்.

மலையிறங்கிய ஆடல்

1912இல் மொராக்கோவின் பெரும்பகுதி பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சிக்கு உட்பட்டது. மலைநாட்டு மக்களின் எதிர்ப்போ 1934 வரை தொடர்ந்தது. துப்பாக்கி ஓய்ந்த இடங்களில் குறிப்பேடு நுழைந்தது. அலெக்ஸி ஷோத்தேன் போன்ற பிரெஞ்சு இசை ஆய்வாளர்கள் 1930களில் மலைப்பாடல்களையும் ஆடல்களையும் பதிவுசெய்தனர். அப்பணியின் பயன் பெரிது. ஆயினும் அதே காலத்தில், 1930 மே மாதத்தில், அமாஸிக் பகுதிகளுக்குத் தனி நீதிமுறை வகுத்த ஆணை ஒன்றை ஆட்சியினர் பிறப்பித்தனர். நாட்டைப் பிரிக்கும் சூழ்ச்சி என அதனைக் கருதி நகரங்கள் கொதித்தெழுந்தன. இதன் விளைவாக, அமாஸிக் பண்பாட்டைப் பற்றிப் பேசுவதே அயலாட்சிக்குத் துணைபோவது என்னும் ஐயம் தேசியவாதிகளின் உள்ளத்தில் வேரூன்றியது. அவ்வையத்தின் சுமையை மலைமக்களே பல்லாண்டுகள் தாங்க நேர்ந்தது.

1956இல் நாடு விடுதலை பெற்றது. 1959இல், தாஞ்சியரில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் பால் பவுல்ஸ், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பொருளுதவியுடன், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஊர் ஊராகச் சென்று இசையைப் பதிவுசெய்தார். புதிய அரசின் அதிகாரிகளிடையே இவ்வகை இசையைப் பின்தங்கிய நிலையின் அடையாளமாகக் கருதியோர் இருந்தனர் என்பதை அவரது எழுத்துகள் காட்டுகின்றன.

மறு ஆண்டே நிலைமை வேறொரு திசையில் மாறியது. 1960இல் மராகேஷில் நாட்டுப்புறக் கலை விழா தொடங்கியது. மலைக்குழுக்கள் பேருந்துகளில் வந்து இறங்கின. அவ்விழா பல குழுக்களுக்குப் புகழையும் ஊதியத்தையும் அளித்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆடலின் வடிவம் மாறத் தொடங்கியது. தன்னையே நோக்கியிருந்த வட்டம், நாற்காலியில் அமர்ந்தோரை நோக்கி வில்லாக வளைந்து திறந்தது. இரவெல்லாம் நீண்ட ஆடல் சில நிமிடங்களுள் அடங்கிற்று. தனிக்கவிஞரின் உரையாடல், மொழி அறியாத பார்வையாளருக்குப் பயன்படாது என்பதால் சுருங்கியது. தோள் அதிர்ந்தது, ஆனால் அத்தோள் எந்த ஊரின் எந்தத் திருமணத்திற்காக அதிர்கிறது என்பது மறைந்தது.

எழுத்தைச் சுமந்த குற்றம்

ஆடலின் இவ்வரலாற்றை மொழியின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது. பள்ளியிலும் நீதிமன்றத்திலும் இடமில்லாத மொழி, மேடையில் மட்டும் வண்ண உடையோடு காட்சி தரலாம் என்ற நிலையை அமாஸிக் அறிஞர்கள் ஏற்க மறுத்தனர். 1967இல் ரபாத்தில் பண்பாட்டு ஆய்வுக் கழகம் ஒன்று தோன்றியது. அல்ஜீரியாவில், 1980 மார்ச் மாதம், எழுத்தாளர் முலூத் மம்மெரி பழங்காலக் கபீலியக் கவிதை பற்றித் தீஸி ஊஸுவில் ஆற்றவிருந்த சொற்பொழிவுக்கு அரசு தடை விதித்தது. ஒரு கவிதைப் பேருரையைத் தடுத்ததால் எழுந்த கிளர்ச்சி 'பெர்பர் வசந்தம்' எனப் பெயர் பெற்றது. 1991 ஆகஸ்டில் மொராக்கோவின் ஆறு பண்பாட்டு அமைப்புகள் அகாதிர் சாசனத்தை வெளியிட்டு மொழியுரிமை கோரின. 1994 மே நாளில், தொன்மையான திஃபினாக் எழுத்துகள் பொறித்த பதாகைகளுடன் ஊர்வலம் சென்றமைக்காகக் குல்மிமாவைச் சேர்ந்த ஆசிரியர்கள் சிறைசெய்யப்பட்டனர்.

பின்னர் மாற்றங்கள் விரைந்தன. 2001இல் அமாஸிக் பண்பாட்டுக்கான அரச நிறுவனம் ஏற்பட்டது. எந்த எழுத்துக்காகச் சிறை நேர்ந்ததோ அதே திஃபினாக் 2003இல் பள்ளிகளுக்குரிய எழுத்தாக ஏற்கப்பட்டது. 2011ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அமாஸிக்கை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக்கியது. 2012இல் ர்வாயிஸ் மரபுப் பாடகி ஃபாத்திமா தபாம்ரான்த், நாடாளுமன்ற உறுப்பினராக, அவையில் அம்மொழியிலேயே வினா எழுப்பினார். அல்ஜீரியாவும் 2016இல் அம்மொழிக்கு ஆட்சிமொழி நிலையை அளித்தது.

தனியாடலுக்கு ஒரு முன்னோடி இக்காலத்துள் உண்டு. அவர் ஆடியவர் அல்லர், பாடியவர். கபீலியக் குடும்பத்தில் 1913இல் துனிஸில் பிறந்த தாவோஸ் அம்ரூஷ், தம் தாயிடமிருந்து கேட்டறிந்த மலைப்பாடல்களை ஐரோப்பிய அரங்குகளில் தனித்து நின்று பாடினார். நீரெடுக்கும்போதும் தாலாட்டும்போதும் பிணத்தருகே அழும்போதும் பலர் பாடிய பாடல்கள் ஒருவர் தொண்டையில் வந்து தங்கின. 1969இல் அல்ஜியர்ஸில் நடந்த ஆப்பிரிக்கப் பண்பாட்டுப் பெருவிழாவில் அவருக்கு இடமளிக்கப்படவில்லை. தனித்து நிற்றல் அவருக்கு அழகியல் தேர்வு மட்டும் ஆகாது; கூடி நிற்க இடம் கிடைக்காமையின் விளைவுமாகும்.

தனியாடலின் தோற்றம்

மொராக்கோவில் மேடையாடலுக்கு வழிவகுத்தவர்களுள் 1944இல் பிறந்து 2024இல் மறைந்த லஹ்சென் ஸினூன் முதன்மையானவர். ஐரோப்பிய பாலே பயின்ற அவர் காசாபிளாங்காவில் பள்ளி நிறுவினார். நாட்டாடல் மரபுகளையும் தம் பணியோடு இணைக்க முயன்றார். அடுத்த தலைமுறை மராகேஷில் எழுந்தது. கட்டடக்கலை பயின்று ஆடலுக்கு வந்த தவுஃபிக் இஸத்தியூ, புஷ்ரா உயிஸ்கன், சயீத் ஐத் எல் மூமன் ஆகியோர் 2000களின் தொடக்கத்தில் 'அனானியா' குழுவை அமைத்தனர். மராகேஷில் தற்கால ஆடல் விழாவொன்றையும் இஸத்தியூ தொடங்கி நடத்தினார். 1980இல் அட்லசின் தென்புறத்து வர்ஸாஸாத்தில் பிறந்த உயிஸ்கன், பிற்காலத்தில் மரபுப் பாடகியரையே ஆடுவோராக்கித் தம் குழுப் படைப்புகளை உருவாக்கினார். 2015இல் அவர் அளித்த 'ஒத்தோஃப்' என்பதன் பெயர் எறும்பைக் குறிக்கும் அமாஸிக் சொல்.

இவ்வழியில் தனியாடலை மலையோடு நேர்முகமாக இணைத்தவர் ரதுவான் ம்ரிஸிகா. 1985இல் மராகேஷில் பிறந்த அவர், பிரசெல்ஸில் ஆன் தெரேசா த கேர்ஸ்மேக்கர் 1995இல் நிறுவிய பள்ளியில் பயின்றார். 2014இல் அவர் ஆடிய '55' என்னும் தனியாடல், அத்தனை நிமிடங்களே நீள்வது. அதில் அவர் தம் உடலையே அளவுகோலாக்கித் தரையை அளந்து, சுண்ணக்கட்டியாலும் ஒட்டுநாடாவாலும் வடிவியல் கோலமொன்றை வரைகிறார். அடி, முழம், சாண் என்னும் உடலளவுகளே முதல் அளவுகள் என்பது கொத்தரும் நெசவாளரும் அறிந்த பழைய உண்மை. ஆடி முடிந்தபின் ஆடியவர் அகல்கிறார்; கோலம் தரையில் நிற்கிறது. ஆடல் நிலையற்றது என்னும் கருத்தை அது அமைதியாக மறுக்கிறது.

அடுத்து அவர் மூன்று பெண் கலைஞர்களுக்காக மூன்று தனியாடல்களை அமைத்தார். 'தஃபுக்த்', 'அயூர்', 'அகால்' என்பன அவற்றின் பெயர்கள். முறையே ஞாயிறு, திங்கள், நிலம் எனப் பொருள்படும் அமாஸிக் சொற்கள். வட ஆப்பிரிக்கத் தொன்மத்தின் பெண் தெய்வங்களை அவை நினைவூட்டுகின்றன. 'அயூர்' துனிசியக் கலைஞர் ஸொந்தொஸ் பெல்ஹசனுக்கும், 'அகால்' ருவாண்டாவில் பிறந்த தொரொத்தே முனியனெஸாவுக்கும் உரியவை. பின்னர் அவர் மலை, பாலை, கடல் ஆகிய நிலங்களைப் பொருளாகக் கொண்ட தொடர் படைப்பைத் தொடங்கினார். அதன் முதற்பகுதியான 'அட்லஸ் / மலை' தனியாடல். 2025இல் அவின்யோன் விழாவில் இடம்பெற்ற 'மகெக் / பாலைவனம்' குழுவாடல்.

பாலைக்குக் கூட்டமும் மலைக்குத் தனியுடலும் அமைந்தமை எண்ணத்தக்கது. வரிசையில் ஆடுபவர்க்கு எப்போது அசைய வேண்டும் என்பதை அருகிலுள்ள தோள் அறிவிக்கும். தனித்து ஆடுபவர்க்கு அத்தோள் இல்லை. அவர் அதனை நினைவிலிருந்தே பெற வேண்டும். இல்லாத தோளுக்கு இடம் விட்டு நிற்கும் அந்நிலையிலேதான் இத்தனியாடல், தற்புகழ்ச்சிக்குரிய தனியாடல்களிலிருந்து வேறுபடுகிறது. பறை இல்லாத இடத்தில் பாதமே பறையாகிறது. ஆடுகளம் இல்லாத இடத்தில் அரங்கின் தரை அளக்கப்பட்டு ஆடுகளமாகிறது.

எஞ்சியிருக்கும் வினா

இங்கே ஒரு தடையை எழுப்புவோர் உளர். ஐரோப்பிய அரங்குகளில், அம்மலையைக் கண்டிராத பார்வையாளர் முன் ஆடப்படும் இத்தனியாடலால் மலைக்கு என்ன பயன்? 1960இல் வட்டத்தை வில்லாக வளைத்த அதே மேடை, இன்று வரிசையையே நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது ஆகாதா?

இத்தடை வலிமையானது. மலையில் வரிசை குறைந்துவருவது உண்மை. மேற்கு உயர் அட்லசின் 'தஸ்கிவின்' என்னும் வீர ஆடலில், வெடிமருந்துக் கொம்பைத் தோளில் அணிந்த ஆடவர், கைப்பறைக்கும் குழலுக்கும் ஏற்பத் தோள்களை அதிரச் செய்வர். 2017இல் யுனெஸ்கோ அதனை உடனடிக் காப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இளைஞர்களின் ஆர்வம் குறைந்தமை, கருவியும் அணியும் செய்யும் கைவினைகள் நலிந்தமை ஆகியன காரணங்களாகக் கூறப்பட்டன. ஆடல் அழிவதற்குமுன் கொம்பு செய்பவர் மறைகிறார் என்பது இதனால் விளங்கும். மொழியின் நிலையும் இதற்கு மாறானதன்று. 2024ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மொராக்கோவில் அமாஸிக் பேசுவோர் நூற்றுக்கு 24.8 பேர். சட்டத்தில் உயர்ந்த மொழி வீட்டில் தாழ்கிறது.

2023 செப்டம்பர் 8 அன்று இரவு, உயர் அட்லசில் 6.8 அளவிலான நிலநடுக்கம் நேர்ந்தது. 2,900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மண்ணாலும் கல்லாலும் கட்டிய ஊர்கள் பல தரைமட்டமாயின. மலையில் பிறந்து பேரரசாய் வளர்ந்த அல்மொஹாத் மரபினர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தீன்மெல்லில் எழுப்பிய பள்ளிவாசலும் சிதைந்தது. வீடுகளை எண்ணிக் கணக்கிட்டு ஈடு வழங்க அரசால் இயலும். வரிசையில் வெறுமையாகிவிட்ட இடங்களுக்கு எக்கணக்கிலும் ஈடில்லை.

ஆகவே தனியாடலை மரபின் மாற்றாகக் கொள்ளுதல் பிழை. மரபின் பகையாகக் கொள்ளுதலும் பிழை. அது ஒரு சான்று. அஹ்வாஷ் இரவில் வரிசையைவிட்டு முன்வந்து பாடும் கவிஞரின் நிலையே இத்தனியாடுவோரின் நிலையும். அடியைக் கட்டுவது அவர்கள் பணி. அதை வாங்கித் திரும்பச் சொல்வது வரிசையின் பணி. ஆதலின் இக்கலையின் வெற்றியைப் பிரசெல்ஸின் கைத்தட்டலைக் கொண்டு அளத்தல் போதாது. மலையூர்களில் வீடுகளோடு அசாயிஸும் மீண்டும் எழ வேண்டும். பறை செய்பவர்க்கும் கொம்பு செய்பவர்க்கும் தொழில் நிலைக்க வேண்டும். பள்ளியில் திஃபினாக் கற்கும் குழந்தை இரவில் ஆடுகளத்திலும் இடம் பெற வேண்டும். இவற்றுக்கு ஆகும் பொருளும் முயற்சியும் விழா மேடைகளுக்கு ஆகும் செலவைவிடப் பெரியனவாகத் தோன்றா.

கிரேக்கரின் அட்லஸ் தண்டனையாகச் சுமந்தான், தனித்தே சுமந்தான். மலைமக்களின் ஆடலோ சுமையைத் தோளுக்குத் தோள் மாற்றிக்கொள்ளும் கலை. இன்று ஓருடல் அதனைச் சிறிது தொலைவு சுமந்து வந்துள்ளது. வாங்கிக்கொள்ளும் தோள்கள் மலையில் இருக்கும்வரையே அச்சுமைக்குப் பொருள் உண்டு.